என் பட்டறை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்து ஓட, நடுவே அமைந்த தீவு திருவரங்கம். அதன் தென்வாயிலில் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் இராசகோபுரத்தை அறியாதார் இலர். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்ற அது, 1987ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. அக்கோபுரத்தைக் காண நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், அடையவளஞ்சான் வீதியில், ஒரு பழைய வீட்டின் திண்ணையை ஒட்டிய சிற்றறையில் நடக்கும் என் பட்டறையைத் தேடி வருவோர் சிலரே. பழுதுபட்ட கித்தார்களையும் வீணைகளையும் செப்பனிடுவது என் தொழில்.

"திருவரங்கத்தில் கித்தாரா?" என்று வியப்போர் உண்டு. இவ்வூர் வீணைக்குப் பழகிய ஊர். மார்கழித் திருநாளின் இரவுகளில் அரங்கநாதர் கருவறைக்குத் திரும்பும்பொழுது, வழிவழியாக அத்தொண்டு புரியும் குடும்பத்தார் வீணை இசைப்பர். ஆனால் காவிரிப் பாலத்தைக் கடந்து மறுகரை சேர்ந்தால், மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்துக்கு அருகே லூர்து அன்னை ஆலயத்தின் கூரிய கோபுரம் தெரியும். திருச்சிராப்பள்ளியின் தேவாலயப் பாடற்குழுக்களிலும், கல்லூரி விழாக்களிலும், திருமண மேடைகளிலும் கித்தார் ஒலிப்பதைக் கேட்கலாம். இரண்டு இசைக்கும் இடையே இருப்பது ஓர் ஆறு மட்டுமே. அவ்வாற்றைக் கடந்துதான் நானும் கித்தார் கற்றேன்; அவ்வாற்றைக் கடந்துதான் இன்று என்னிடம் கித்தார்கள் வருகின்றன.

மாணவர்களே, நான் இத்தொழிலை விரும்பித் தேடிச் சென்றவன் அல்லன். திருச்சிக்கு அண்மையில் உள்ள துவாக்குடித் தொழிற்பேட்டையில், ஒரு சிறு தொழிற்கூடத்தில் பொருத்துநராகப் பணிபுரிந்து வந்தேன். அரம் பிடித்து இரும்பைத் தேய்ப்பதும், நுண்ணளவுக் கருவி கொண்டு அளப்பதும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அதனைக் கண்டுபிடிப்பதும் என் அன்றாட வேலைகள். மாலை வேளைகளில் நண்பர்களோடு கித்தார் வாசிப்பேன். வாழ்க்கை இவ்வாறே செல்லும் என்று எண்ணியிருந்தேன்.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரவுப் பணி முடித்து, தூறல் மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையில் பரவிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தமையால் உயிர் பிழைத்தேன். ஆனால் இடத்தோள் தரையில் மோதிய வேகத்தில், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டு அறுந்தன.

அந்நரம்புகளைப் பற்றி மருத்துவர் எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டி விளக்கினார். கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்கள் புறப்பட்டு, காறையெலும்பின் அடியில் ஒன்றோடொன்று பின்னி, பின்னர்க் கைக்குள் இறங்குகின்றன. மேல் வேர்கள் தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் உதவுபவை. கீழ் வேர்கள் விரல்களை இயக்குபவை. எனக்குப் பழுதுபட்டவை மேல் வேர்கள். அறுவை மருத்துவம் செய்தனர். "நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமையே இதற்கு மருந்து," என்றார் மருத்துவர். மாதங்கள் கழிந்தன. முழங்கை சிறிதளவு மடங்கிற்று. தோள் எழவேயில்லை.

என் நிலையின் விந்தையை எண்ணிப் பாருங்கள். விரல்கள் அசைந்தன, நரம்பை அழுத்தும் வலிமையும் அவற்றில் ஓரளவு இருந்தது. ஆனால் அவ்விரல்களைக் கித்தாரின் கழுத்துக்குக் கொண்டு செல்லக் கையால் இயலவில்லை. கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது என் கித்தார் மட்டுமன்று, என் பிழைப்பும்தான் என்பதை விரைவில் உணர்ந்தேன். பொருத்துநர் வேலைக்கு நான் திரும்ப முடியவில்லை. கித்தாரை அதன் பெட்டியில் இட்டுப் பரண்மேல் ஏற்றினேன். நண்பர்கள் வந்தால் உறங்குவதுபோல் படுத்துக்கொள்வேன்.

மறு ஆண்டுக் கோடையில் எங்கள் வீட்டுக்குத் தஞ்சையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். அன்னையின் வீணைக்கு மேளம் கட்டுவதற்காக அவரை அழைத்திருந்தோம். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்த கரிய மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. திருச்சியின் கோடை வெப்பத்தில் மெழுகு இளகும், மெட்டுகள் இடம் பெயரும், சுரம் பிசகும். மெழுகைப் புதிதாக வார்த்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு அதற்குரிய இடத்தில் நிறுத்துவதையே மேளம் கட்டுதல் என்பர்.

நான் சுவரோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதியவர் ஒரு மெட்டை வைத்து நரம்பை மீட்டினார். என்னையும் அறியாமல் என் முகம் சுளித்தது போலும்! அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி? சரியில்லையா?"

"சற்றே தாழ்வாக ஒலிக்கிறது, ஐயா."

அவர் மெட்டை ஒரு மயிரிழை நகர்த்தினார். "இப்பொழுது?"

"இப்பொழுது சரி."

"நான் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன்," என்று சொல்லி நகைத்தார் அவர். "கைக்கு என்ன வந்தது என்று அம்மா சொன்னார்கள். காதுக்கு ஒன்றும் வரவில்லையே, தம்பி!"

அன்று மாலை வரை அவர் வைத்த ஒவ்வொரு மெட்டையும் என்னைக் கேட்டே உறுதி செய்தார். எனக்காகவே அவ்வாறு செய்தார் என்பதை நான் அறிவேன். எனினும், பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் ஒருவர்க்கு நான் பயன்பட்டேன். அன்றிரவே பரண்மேல் இருந்த கித்தாரை இறக்கித் தரும்படி அன்னையை வேண்டினேன்.

பெட்டியைத் திறந்ததும் திடுக்கிட்டேன். நரம்புகளைத் தாங்கும் குதிரை மரப்பலகையை விட்டுப் பெயர்ந்து நின்றது. இதற்குக் காரணம் உண்டு. இரும்பு நரம்புகள் பூட்டிய கித்தாரில், ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு விசையோடு குதிரையை இழுத்துக்கொண்டிருக்கும். பரணின் வெப்பத்தில் பசை இளகியதும் அவ்விசைக்குக் குதிரை ஈடுகொடுக்கவில்லை. கித்தாரைக் கிடப்பில் போடுவோர் நரம்புகளைத் தளர்த்தி வைத்தல் வேண்டும் என்னும் முதற்பாடத்தை என் கருவியே எனக்குக் கற்பித்தது.

அதனை நானே ஒட்ட முனைந்தேன். வலக்கையால் உளி பிடித்துப் பழைய பசையைச் சுரண்டும்பொழுது, இடக்கையால் பிடிக்க இயலாமையால் கித்தார் உருண்டது. உளி மேற்பலகையில் ஆழக் கீறிற்று. அவ்வடு இன்றும் உள்ளது. ஆத்திரத்தில் உளியை வீசி எறிந்தேன். அன்னை ஒன்றும் கூறாமல் அதை எடுத்து வந்து என் முன்னே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கிணற்றுக் குடத்தின் பாரத்தைக் கப்பி தாங்கவில்லையா, அப்பா? உன் கையின் பாரத்தை மட்டும் தாங்காதா?"

அச்சொற்கள் இரவெல்லாம் என் நெஞ்சில் சுழன்றன. எங்கள் கூடத்து உத்தரத்தில் பழைய ஊஞ்சல் வளையங்கள் இருந்தன. மறுநாள் அவற்றுள் ஒன்றில் கிணற்றுக் கப்பியைத் தொங்கவிட்டோம். கயிற்றின் ஒரு முனையில் துணித்தூளி. அதில் என் முன்கை. மறுமுனையில் மணற்பை. மணலைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். ஏறத்தாழ 3 கிலோ ஆனதும், என் கை தானே எழுந்து காற்றில் மிதந்தது! விரலால் தொட்டுத் தள்ளினால் போதும், வேண்டிய இடத்துக்குச் சென்றது, அங்கேயே நின்றது. தராசின் இரு தட்டுகளும் சமமானால் சிறு விசையே தட்டை அசைத்துவிடும் அன்றோ? அந்த இயற்பியல் உண்மையே என் கைக்குத் தோளாயிற்று.

அடுத்து மேசையை மாற்றினேன். தச்சர் ஒருவரைக் கொண்டு அதன் விளிம்பில் பிறைபோல் ஒரு வெட்டு வெட்டச் செய்தேன். அவ்வெட்டுக்குள் நான் அமர்ந்தால் இரு முன்கைகளும் பலகைமேல் படியும். கித்தாரைப் பிடித்துக்கொள்ளத் தவிடு நிரப்பிய பைகளும், கம்பளி ஒட்டிய மரப்பற்றிகளும் செய்தேன். இவையெல்லாம் அமைந்த பின்னரே எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கை வேலையிடம் செல்ல இயலாவிடின், வேலையைக் கையிடம் கொணரலாம். இத்தனை நாள் என் உடம்பின் குறை என்று நான் நொந்துகொண்டவற்றுள் பாதி மேசையின் குறை.

வீணையையும் கித்தாரையும் அடுத்தடுத்து வைத்துப் பழகியதில் நான் கற்றவை பல. வீணையின் மெட்டுகளைக் காது நிறுத்துகிறது. கித்தாரின் மெட்டுகளைக் கணக்கு நிறுத்துகிறது. நரம்பின் நீளம் 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதனை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் 36.48 கிடைக்கும். நரம்பின் தலையிலிருந்து அத்தொலைவில் முதல் மெட்டு அமையும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். இவ்வாறே சென்றால் 12ஆம் மெட்டு நரம்பின் சரிபாதியில், 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு தாயி மேலே ஒலிக்கும். வீணையிலும் 12ஆம் மெட்டில் மேல் சட்சமே பிறக்கும். ஆற்றின் இரு கரைகளிலும் இசையின் இலக்கணம் ஒன்றே என்று அன்று மகிழ்ந்தேன்.

தொழிற்கூடத்தில் கற்ற அரவேலையும் வீண்போகவில்லை. ஒரு மெட்டு சற்று உயர்ந்தாலும் நரம்பு அதில் உரசி இரையும். மெட்டுகளின் முகட்டில் மை தீட்டி, நேரான அரத்தால் ஒருமுறை மெல்லத் தேய்த்தால், உயர்ந்த மெட்டுகளில் மட்டும் மை அழியும். அவற்றைத் தேய்த்துச் சமன் செய்து, மீண்டும் முகட்டை வளைவாக்கி மெருகிட வேண்டும். இரும்பில் பழகிய என் கைக்கு இது புதிதன்று.

திருச்சியில் கித்தார் வைத்திருந்தோர் பலர் அதைச் சென்னைக்கு அனுப்பிச் செப்பனிட்டனர். அதற்கு வசதியில்லாதோர் கட்டிலின் அடியில் தள்ளிவிட்டனர். இதை அறிந்து, தொழில் தொடங்கத் துணிந்தேன். முதலீடு வேண்டுமே! 2008ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், மாற்றுத்திறனாளிகள் திட்டச் செலவில் 5 விழுக்காடு மட்டும் தம் பங்காக இட்டால் போதும். நகர்ப்புறமாயின் 25 விழுக்காடு மானியமும் உண்டு. இதனை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்தேன். ஆனால் அதற்கு ஊனத்தின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என்னும் மருத்துவச் சான்று தேவை.

அச்சான்றைப் பெற என் மனம் ஒப்பவில்லை. அத்தாளில் என் பெயர் ஏறிவிட்டால், நான் இனி மீளவே மாட்டேன் என்று நானே கையொப்பம் இடுவதுபோல் தோன்றிற்று. இரண்டு மாதம் தயங்கினேன். பின்னர், தோள் எழாது என்பதைத் தாள் சொல்லாவிட்டாலும் தோள் சொல்கிறதே என்று தெளிந்து, சான்றைப் பெற்றேன். 2016ஆம் ஆண்டு 2 இலட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். என் பங்கு 10,000 ரூபாய். எஞ்சியது வங்கிக் கடன். மானியமான 50,000 ரூபாய் வங்கியில் பேணப்பட்டு, மூன்று ஆண்டுக்குப் பின் கடனில் கழிக்கப்படும்.

பட்டறை திறந்த முதல் திங்களிலேயே ஒரு பெருந்தவறு செய்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் தம் கித்தாரைக் கொணர்ந்தார். அதன் கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தது. இரும்பு நரம்புக் கித்தாரின் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி உண்டு. அதன் திருகை முறுக்கினால் வளைவு நிமிரும். கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் பொறுத்திருந்து, மரம் படிந்த பின்னரே மீண்டும் முறுக்குதல் முறை. மறுநாளே கருவி வேண்டும் என்றார் மாணவர். அவரை மகிழ்விக்க எண்ணி, இறுகி நின்ற திருகை வலிந்து முறுக்கினேன். 'டக்' என்று ஓர் ஒலி. கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது.

அறையில் நான் மட்டுமே இருந்தேன். கம்பி முன்னமே முறிந்திருந்தது என்று சொன்னால் மாணவர் நம்பியிருப்பார். ஒரு கை வழங்காதவனிடம் கடுமையாகப் பேசவும் மாட்டார். அவ்விரக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றியது உண்மை. அன்று அங்ஙனம் ஒளிந்திருந்தால், என் வாழ்நாள் முழுவதும் அங்கேயே ஒளிந்திருக்க நேர்ந்திருக்கும்.

மறுநாள் மாணவர் வந்ததும், "தம்பி, உங்கள் கித்தாரை நான் கெடுத்துவிட்டேன், அவசரப்பட்டது என் பிழை," என்றேன். கடன் தொகையில் 6,000 ரூபாய் எடுத்துப் புதுக் கித்தார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அத்திங்களின் தவணையைக் கட்ட அன்னையின் வளையல் அடகுக்குச் சென்றது. மாணவர் நெடுநேரம் பேசாது நின்றார். "அண்ணா, மற்றவர் யாரும் இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்," என்று மட்டும் கூறிச் சென்றார். அடுத்த வாரம் அவருடைய விடுதித் தோழர்கள் நால்வர் தத்தம் கித்தார்களோடு பாலம் கடந்து வந்தனர். முறிந்த கம்பியை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

என்னினும் பெரிய இடர்களை வென்றோரை எண்ணி நான் ஊக்கம் கொள்வதுண்டு. பெல்சியத்தில் 1910ஆம் ஆண்டில் பிறந்த சாங்கோ ரைன்கார்ட்டு, தம் 18ஆம் வயதில், 1928ஆம் ஆண்டு, குடியிருந்த வண்டி தீப்பற்றியதால் இடக்கையின் இரண்டு விரல்கள் பயன் குன்றப் பெற்றார். எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே புதியதொரு வாசிப்பு முறையை வகுத்து, உலகம் போற்றும் கித்தார்க் கலைஞரானார். நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1981ஆம் ஆண்டு திருச்சிக்கு அருகே நேர்ந்த விபத்தினால் வலக்காலை இழந்தார். செய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு 1984ஆம் ஆண்டு மீண்டும் மேடை ஏறினார். அவரைப் போற்றும்பொழுது அக்காலை ஆக்கியோரையும் நான் நினைக்கிறேன். மருத்துவர் சேத்தியோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். ஆடியவரின் உறுதியும் வேண்டும். கால் செய்தவரின் கைத்திறனும் வேண்டும். மனவுறுதி ஒன்றே போதும் என்போர் கப்பியையும் மணற்பையையும் மறந்தவர் ஆவர்.

2016ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. முன்னைச் சட்டத்தில் 7 வகையாக இருந்த ஊனங்கள் அதில் 21 வகையாக விரிந்தன. பொது இடங்கள் அனைவரும் புகுதற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கிறது. உங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவர் இருப்பின், அவர்க்காக வருந்துவதோடு நில்லாதீர்; வாயிற்படியின் ஓரம் சரிவுப்பாதை உண்டா என்று பாருங்கள். இல்லையேல், ஆசிரியரிடம் கேளுங்கள்.

கடன் முழுதும் அடைந்துவிட்டது, வளையலும் மீண்டது. இப்பொழுது மாலையில் வேலை முடிந்ததும், உளி வடு உள்ள என் பழைய கித்தாரை மேசைமேல் கிடத்துவேன். இடக்கையைத் தூளியில் இடுவேன். முன்போல் விரைந்து வாசிக்க இயலாது. ஒவ்வொரு சுரத்துக்கும் கை மிதந்து செல்ல நேரம் வேண்டும். ஆதலால் மெதுவான பாட்டுகளையே வாசிக்கிறேன். உள்ளே அன்னை அடுப்படி வேலையை நிறுத்திவிட்டு வந்து, கதவருகே அமர்வார். சில நாள் தம் வீணையையும் எடுத்து வருவார். சுருதி சேர்ந்துவிட்டதா என்பதை மட்டும் இன்றும் என்னிடமே கேட்கிறார்.